முதல் முறிவு ஓர் எச்சரிக்கை
(எலும்பு நலிவு பற்றிய சுகாதாரப் பாடம்)



பெரகல சந்தியில் நின்றால் பாதை மூன்றாகப் பிரிவதைக் காணலாம். ஒன்று ஹப்புத்தளைக்கு மேலே ஏறுகிறது. ஒன்று ஹல்துமுல்லை வழியாகக் கொழும்புப் பக்கம் போகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இந்த மலைச் சரிவுகளில் மண் சரிந்து வீட்டையும் தோட்டத்தையும் இழந்தவர்கள் நம்மில் பலர். 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயன்களை மண் மூடிய காலையை நாம் மறக்க முடியாது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் முழுவதுமே பாதிக்கப்பட்டது.

மண்சரிவு பற்றிப் பேச அதிகாரிகள் வருகிறார்கள், கூட்டங்கள் நடக்கின்றன. ஆனால் யாரும் பேசாத இன்னொரு சரிவு நம் வீடுகளுக்குள்ளே நடக்கிறது. மழை விட்ட ஒரு காலையில் அம்மாயி கக்கூசுக்குப் போகும் படியில் வழுக்குகிறார். கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டு முறிகிறது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறு கிழமையில் கட்டை அவிழ்க்கிறார்கள். “வயசு போனா அப்படித்தான்” என்று எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே அம்மாயி மறுபடியும் விழுகிறார். இம்முறை முறிவது இடுப்பு எலும்பு. அதன் பிறகு அவர் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள மகள் வேலைக்குப் போவதை நிறுத்துகிறாள். ஒரு விழுதலில் இரண்டு பேரின் உழைப்பு போய்விடுகிறது.

இந்தப் பாடத்தில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முதல் முறிவு ஓர் எச்சரிக்கை மணி. அந்த மணிக்கும் இடுப்பு முறிவுக்கும் நடுவில் கிடைக்கும் காலத்தில் நாம் செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

1. எலும்பு என்பது என்ன?

எலும்பைக் கல் போன்ற ஒன்று என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. எலும்பு உயிருள்ளது. அதில் இரத்தம் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் பழைய எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து, அந்த இடத்தில் புதிய எலும்பு உருவாகிறது. பழைய கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாக மாற்றுவது போன்ற வேலை இது.

பிறந்த நாள் முதல் ஏறக்குறைய முப்பது வயது வரை கரைவதைவிட உருவாவது அதிகம். ஆகவே அந்த வயது வரை எலும்பு கனத்துக்கொண்டே போகிறது. இது நாம் கட்டும் சீட்டுப் போன்றது. இளமையில் கட்டியதைத்தான் முதுமையில் எடுக்கிறோம். நடு வயதுக்குப் பிறகு உருவாவது குறைந்து கரைவது கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் முதல் ஐந்து முதல் பத்து வருடங்களில் இந்தக் கரைவு மிக வேகமாக நடக்கிறது. எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு அப்போது குறைந்துவிடுவதே காரணம்.

இவ்வாறு எலும்பு வெளியே பார்க்க அப்படியே இருந்து, உள்ளே கறையான் அரித்த பலகைபோல் பொத்தலாகிவிடும் நிலையை எலும்பு நலிவு என்கிறோம். வைத்தியர்கள் இதை ஒஸ்டியோபொரோசிஸ் என்பார்கள். எலும்பு முறியும்வரை இதில் வலி இல்லை. ஆகவே நோய் இருப்பதே தெரியாது. மூட்டு வலியும் இதுவும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

உலக அளவில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இதனால் ஏதாவது ஓர் எலும்பு முறிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இது பெண்களின் நோய் மட்டும் அல்ல.

2. யாருக்கு ஆபத்து அதிகம்?

கீழே உள்ளவற்றில் உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ பொருந்துபவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

- நின்ற உயரத்திலிருந்து விழுந்து, ஐம்பது வயதுக்குப் பின் ஏதாவது எலும்பு முறிந்தவர்கள்
- நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், அல்லது சூலகம் அகற்றப்பட்டவர்கள்
- தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு எலும்பு முறிந்த குடும்பத்தவர்கள்
- மிகவும் மெலிந்த உடம்பு உள்ளவர்கள்
- முட்டு, வாதம் போன்ற நோய்களுக்குப் பிரெட்னிசொலோன் குளிசையை மூன்று மாதத்துக்கு மேல் குடித்தவர்கள்
- வலிப்புக்கு நீண்ட காலம் மருந்து எடுப்பவர்கள், தைரொயிட் நோய் உள்ளவர்கள்
- பீடி, சிகரட் பிடிப்பவர்கள், கசிப்பு அல்லது சாராயம் அதிகம் குடிப்பவர்கள்

இதில் முதலாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு தடவை இவ்விதம் எலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. முட்டு மருந்தையோ வலிப்பு மருந்தையோ பயந்து நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள், அதுவே முறை.

3. இடம்பெயர்வு எலும்பை எப்படித் தாக்குகிறது?

வீடு போனது கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பில் நடந்தது தெரிவதில்லை. நான்கு வழிகளில் இது நடக்கிறது.

முதலாவது, சாப்பாடு. நிவாரணமாக நமக்குக் கிடைப்பது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. பசி தீர்க்க அவை வேண்டும்தான். ஆனால் எலும்புக்கு வேண்டிய கல்சியம் அவற்றில் மிகக் குறைவு. நூறு கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான் உண்டு. சீனியில் ஒன்றுமே இல்லை. வீட்டுப் பின்னால் இருந்த கீரைப் பாத்தி, கட்டியிருந்த பசு, நாலு கோழி எல்லாம் மண்ணோடு போய்விட்டன.

இரண்டாவது, வேலை. மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்த காலும், மரக்கறித் தோட்டம் கொத்திய கையும் முகாமில் சும்மா இருக்கின்றன. எலும்பு பாரத்தைத் தாங்கினால்தான் பலப்படும். மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் எலும்பும் தசையும் சேர்ந்தே இளைக்கும்.

மூன்றாவது, பழகாத இடம். பழைய லயத்தில் எந்தப் படி உயரம், எந்தக் கல் ஆடும் என்பது இருட்டிலும் காலுக்குத் தெரியும். புதிய இடத்தில் அது தெரியாது. கக்கூசு தூரத்தில் இருக்கும். பாதை புது மண்ணாக இருக்கும். மழை பெய்தால் அது சேறு.

நான்காவது, மருந்தும் மனமும். கிளினிக் கொப்பி மண்ணோடு போனால், முன்பு எடுத்த மருந்து என்னவென்று சொல்ல ஆள் இல்லை. துக்கத்தில் தூக்கம் வராதவர்களுக்குத் தூக்க மருந்து கொடுக்கப்படுகிறது. அதைக் குடித்துவிட்டு நடு இரவில் எழும்பும்போது தலை சுற்றும். பிரசர் மருந்து குடிப்பவர்களுக்கும் சட்டென்று எழுந்தால் இவ்வாறு ஆகலாம்.

4. உடம்பு சொல்லும் அடையாளங்கள்

எலும்பு நலிந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று இடங்களில் முறிவு வருகிறது.

மணிக்கட்டு: இது பொதுவாக முந்தி வருகிறது. ஐம்பது, அறுபது வயதில், விழும்போது கையை ஊன்றுவதால் முறியும். இதுதான் நாம் சொன்ன எச்சரிக்கை மணி.

முதுகெலும்பு: இதற்கு விழ வேண்டும் என்பதும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, விறகுக் கட்டை இறக்கும்போது, சில வேளை பலமாக இருமும்போதுகூட முதுகெலும்பின் ஒரு கட்டை நசுங்கிவிடும். பலருக்கு அது தெரிவதுமில்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நசுங்குவதால்தான் உயரம் குறைகிறது, கூன் விழுகிறது. முன்பு சரியாக உடுத்திய சேலை இப்போது முன்பக்கம் மட்டும் நிலத்தில் இழுபடுகிறதா? சுவரில் குதிகாலையும் முதுகையும் வைத்து நின்றால் தலையின் பின்பக்கம் சுவரில் படவில்லையா? இளமையில் இருந்த உயரத்தில் நாலு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இடுப்பு: இது பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது. மூன்றிலும் இதுவே கொடியது. இடுப்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் நடப்பதில்லை.

5. எலும்புக்கு என்ன சாப்பாடு?

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு 1200 மில்லிகிராம் வரை வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். பால் ஒன்றுதான் வழி என்றும் எண்ண வேண்டாம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மா விலை ஏறியபோது எத்தனை வீடுகளில் பால் தேநீர் நின்றுபோயிற்று என்பதை நாம் அறிவோம்.

குரக்கன்: தானியங்களில் கல்சியம் மிகுந்தது இதுவே. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. பெரகலயிலிருந்து இறங்கினால் வெல்லவாய, மொனராகலைப் பக்கம் சேனைகளில் விளைவது. கோதுமை ரொட்டி சுடும் வீட்டில் பாதிக்குப் பாதி குரக்கன் மா கலந்து சுடலாம். பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சலாம்.

நெத்தலிக் கருவாடு: முள்ளோடு சாப்பிட வேண்டும், ஏனென்றால் கல்சியம் முள்ளில்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடி நெத்தலி ஏறக்குறைய ஒரு கோப்பைப் பாலுக்கு ஈடாகும். தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். உப்பு கூடினால் கல்சியம் சிறுநீரோடு வெளியேறும், பிரசரும் கூடும்.

எள்ளு: ஒரு மேசைக்கரண்டி கறுப்பெள்ளில் சுமார் 90 மில்லிகிராம் உண்டு. வறுத்து இடித்துச் சம்பலில் சேர்க்கலாம். கருப்பட்டியோடு உருண்டை பிடிக்கலாம்.

கீரைகள்: முளைக்கீரை, தண்டுக்கீரை, அகத்தி, முருங்கை, பொன்னாங்காணி. முருங்கை ஹப்புத்தளைக் குளிரில் அவ்வளவாக வராது; கொஸ்லந்தைக்குக் கீழே நன்றாக வரும். மேலே இருப்பவர்கள் முளைக்கீரையை நம்பலாம். ஏழு பேர்ச் காணியில் வீடு போக மிஞ்சும் இடத்திலும், மண் நிரப்பிய பழைய உரப் பையிலும் முளைக்கீரை வளரும். விதைத்து நாலு கிழமைக்குள் பறிக்கலாம்.

புரதம்: எலும்புக்குக் கல்சியம் மட்டும் போதாது. பருப்பு, கௌபி, பச்சைப்பயறு, முட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். மெலிந்த உடம்பில் தசையும் இல்லை. விழும்போது எலும்பைக் காக்கும் மெத்தையும் இல்லை.

தேநீர் எலும்பைக் கரைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அளவோடு குடிக்கும் தேநீரால் அப்படி ஒன்றும் ஆவதில்லை. ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பதில் சாயத்தண்ணீர், பகலில் ரொட்டியும் சாயத்தண்ணீரும், மாலையில் மறுபடியும் சாயத்தண்ணீர் என்று இருந்தால், எலும்பைக் கெடுப்பது தேயிலை அல்ல. தேயிலையைச் சாப்பாடாக்கிக்கொண்ட நமது வறுமை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது தாய். கடைசியில் மிஞ்சுவதும் அவருக்கே. இந்த வழக்கத்தை வீட்டு ஆண்கள்தான் முதலில் மாற்ற வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷவை அந்தத் தாயே சாப்பிட வேண்டும். வளரும் பெண் பிள்ளைகளுக்குக் கீரையிலும் நெத்தலியிலும் முட்டையிலும் அண்ணன் தம்பிக்குச் சமமான பங்கு வேண்டும். ஐம்பது வருடத்துக்குப் பின் அவள் விழும்போது முறிவதும் முறியாததும் இன்று அவள் தட்டில் விழுவதைப் பொறுத்தது.

6. வெயிலும் நடையும்

சாப்பிட்ட கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும். அதை நம் தோல் வெயிலிலிருந்து தானே தயாரிக்கிறது. மலைக்காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது குறைவில்லாமல் கிடைத்திருக்கும். ஆனால் முகாமிலும் வீட்டுக்குள்ளும் முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்குக் கிடைப்பதில்லை. பனியும் மழையும் மாறி மாறி வரும் நம் பகுதியில் வெயில் அடிக்கும் நாளை வீணாக்கக் கூடாது. முகத்திலும் கையிலும் காலிலும் பதினைந்து இருபது நிமிடம் வெயில் படும்படி அவர்களை வெளியே உட்காரவையுங்கள். கண்ணாடி யன்னலுக்குள் விழும் வெயிலில் இந்தப் பயன் இல்லை.

தினமும் அரை மணி நேரம் நடப்பது நல்லது. அத்தோடு வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று பயிற்சிகள்:

- கதிரையில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடியும் உட்காருதல். பத்துத் தடவை.
- சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். பத்துத் தடவை.
- சுவருக்கு அருகில் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரு காலில் பத்து எண்ணும்வரை நிற்றல். பின்பு மற்றக் கால்.

கால் பலமும் நிதானமும் உள்ளவர் தடுக்கினாலும் விழமாட்டார். ஏற்கனவே முதுகெலும்பு நசுங்கியவர்கள் குனிந்து தூக்குவதையும், பாரத்தோடு இடுப்பைத் திருப்புவதையும் தவிர்க்க வேண்டும். கீழே உள்ளதை எடுக்க முழங்காலை மடித்து இறங்குங்கள். ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சிறிய போத்தல்களில் தண்ணீர் எடுங்கள்.

7. விழாமல் காப்போம்

எலும்பைப் பலப்படுத்த மாதங்கள், வருடங்கள் ஆகும். ஆனால் விழுவதைத் தடுக்கும் வேலையை நாளைக்கே தொடங்கலாம். உங்கள் வீட்டையும் பாதையையும் இந்தப் பட்டியலோடு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

- வாசற்படி, கான் ஓரம், கக்கூசுப் படி ஆகியவற்றில் பாசி இருந்தால் தும்புத் தடியாலும் மணலாலும் தேய்த்துக் கழுவுங்கள்.
- படிகளின் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். மங்கிய கண்ணுக்கும் படி தெரியும்.
- கக்கூசுப் பாதை நெடுகிலும் மூங்கில் கட்டிக் கைப்பிடி வையுங்கள். உள்ளேயும் பிடித்து எழ ஒரு கம்பு பொருத்துங்கள்.
- முதியவர் படுக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் டோர்ச் இருக்கட்டும்.
- இரவில் மழை என்றால் வெளியே போக வேண்டாம். மூடியுள்ள ஒரு வாளியை உள்ளே வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.
- அடி தேய்ந்த இறப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். பின்பக்கம் வார் உள்ள செருப்பு நல்லது.
- நிலத்தில் விரித்த சாக்கு, சுருண்ட பாய், குறுக்கே கிடக்கும் வயர், விறகு ஆகியவற்றை நடக்கும் வழியிலிருந்து எடுங்கள்.
- படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, பிறகு நில்லுங்கள்.
- கண்ணில் புகைச்சல் இருந்தால் கண் கிளினிக்கில் காட்டுங்கள்.
- ஊன்றுகோல் கூச்சப்பட வேண்டிய பொருள் அல்ல. மணிக்கட்டு உயரத்துக்கு வெட்டி, அடியில் இறப்பர் துண்டு பொருத்துங்கள்.

இவற்றில் சில ஒரு வீட்டால் மட்டும் முடியாது. மாதர் சங்கமும் இளைஞர்களும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை சிரமதானம் வைத்தால், ஒரு குடியிருப்பின் கக்கூசுப் பாதை முழுவதையும் திருத்திவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. மண்சரிவு எச்சரிக்கை வந்து இரவில் வெளியேற நேரும்போது, அவசரத்தில் முதியவர்கள் விழுந்துவிடக் கூடும். எந்த வீட்டு முதியவரை யார் கைப்பிடித்து அழைத்துப் போவது, யாரைத் தூக்கிப் போவது என்பதை மழை தொடங்குமுன்பே பேசி வையுங்கள். கிளினிக் கொப்பியையும் மருந்தையும் பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

8. விழுந்துவிட்டால் என்ன செய்வது?

விழுந்தவரை உடனே பிடித்துத் தூக்கி நிறுத்த வேண்டாம். எங்கே வலி என்று கேளுங்கள். இடுப்பு முறிந்தால் பெரும்பாலும் அந்தக் கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். காலை அசைக்க முடியாது. சிலருக்கு இந்த அடையாளம் தெரியாமலே முறிந்திருக்கும். ஆகவே காலை ஊன்ற முடியாவிட்டால் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

- எண்ணெய் பூசி உருவக் கூடாது. இழுத்துப் பார்க்கக் கூடாது.
- இரண்டு காலுக்கும் நடுவில் மடித்த கம்பளியை வைத்து, நல்ல காலோடு சேர்த்துத் துணியால் மெதுவாகக் கட்டுங்கள்.
- பலகையிலோ கழற்றிய கதவிலோ படுக்கவைத்து றோட்டுக்குக் கொண்டு வாருங்கள். கம்பளியில் தூளி கட்டித் தூக்கினால் முறிந்த இடம் மடியும்.
- குளிர் படாமல் போர்த்துங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு கொடுக்க வேண்டாம்.
- 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்தச் சந்தி, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கை முறிந்தால் அட்டையோ மடித்த பத்திரிகையோ வைத்துத் துணியால் கட்டி, கழுத்தில் தொங்கவிடுங்கள். வளையலையும் மோதிரத்தையும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கட்டிய பின் விரல் நீலமாகினாலோ மரத்துப்போனாலோ உடனே கட்டைத் தளர்த்துங்கள்.

முறிவு வைத்தியரிடம் போவது நம் மக்களின் பழக்கம். அனுபவமுள்ளவர்கள் அவர்களிலும் உண்டு. ஆனாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு முறிவைப் பத்தும் எண்ணெயும் சேர்த்துவைக்காது. பெரும்பாலும் அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். அதுவும் தாமதமின்றி வேண்டும். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சளி, படுக்கைப்புண், இரத்தக்கட்டி ஆகிய ஆபத்துகளைக் கூட்டும்.

9. வைத்தியரிடம் என்ன கேட்பது?

மாவுக்கட்டு அவிழ்ப்பதோடு வைத்தியம் முடிந்துவிட்டதாக எண்ணுவதே நாம் செய்யும் பெரிய தவறு. கட்டு முறிந்த எலும்பைச் சேர்க்கிறது. ஏன் முறிந்தது என்பதை அது கவனிப்பதில்லை. ஆகவே கட்டை அவிழ்க்கும் நாளில் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: “டொக்டர், சும்மா விழுந்ததற்கே முறிந்துவிட்டது. எனக்கு எலும்பு நலிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?”

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்ற ஸ்கேன் உண்டு. அது எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இல்லை. ஆனால் வயது, பழைய முறிவு, குடும்ப வரலாறு, எடுக்கும் மருந்து ஆகியவற்றை வைத்தே வைத்தியர் ஆபத்தைக் கணிக்க முடியும். உங்கள் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். தேவையானால் அங்கிருந்து தியத்தலாவைக்கோ பதுளை பெரியாஸ்பத்திரிக்கோ கடிதம் தருவார்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கான ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்குப் போகும்போதும் இதைக் கேட்கலாம்.

எலும்பு நலிவுக்கு நல்ல மருந்து உண்டு. அதிகமாகக் கொடுக்கப்படுவது அலென்ட்ரோனேட் என்ற குளிசை. கிழமைக்கு ஒன்று எடுப்பதே வழக்கம். இதை எடுக்கும் முறையைத் தவறவிட்டால் பயன் இல்லை. தொண்டைக்குக் கீழே புண்ணும் வரலாம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். தேநீரோடு எடுக்கவே கூடாது. அதன்பின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. எழுந்தவுடன் சாயத்தண்ணீர் குடித்துப் பழகிய நமக்கு இது கஷ்டம்தான். கிழமையில் ஒரு நாள்தானே? ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கல்சியம் குளிசை தந்திருந்தால் அதை வேறு நேரத்தில் எடுங்கள். சிறுநீரக நோயோ விழுங்குவதில் கஷ்டமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கிக் குடிக்க வேண்டாம்.

10. எலும்பு நலிவோடு வாழ்தல்

நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் சிலர் பயந்து மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் “நீங்க ஒண்டும் செய்ய வேணாம், சும்மா இருங்க” என்று அன்போடு தடுக்கிறார்கள். இது நல்லதல்ல. சும்மா இருந்தால் எலும்பு மேலும் நலியும், மனமும் சோரும். கீரை ஆயட்டும், பேரப்பிள்ளையோடு நடக்கட்டும், கோழிக்குத் தீனி போடட்டும். பாரம் தூக்குவதையும் வழுக்கும் பாதையையும் மட்டும் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சிந்தனைக்கு

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் பதினெட்டு வருடமாகக் கூனிப்போய் நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணைப் பற்றி வாசிக்கிறோம். அவளுக்கு என்ன நோய் என்று ஆராய்வது நம் நோக்கமல்ல. அந்தப் பதினெட்டு வருடமும் அவளை அறிந்திருந்த ஊர் அவள் கூனுக்குப் பழகிவிட்டிருக்கும். இயேசுவோ அவளைக் கண்டார், கூப்பிட்டார், அவள் மேல் கைகளை வைத்தார். ஓய்வுநாளில் குணமாக்கியதற்காகக் கோபித்த ஜெபாலயத் தலைவருக்கு, அவளும் ஆபிரகாமின் மகள் என்பதை அவர் நினைவூட்டினார்.

நம் குடியிருப்பிலும் பல வருடம் கூடை சுமந்து கூனிப்போன தாய்மார் உண்டு. அவர்களுடைய கூனுக்கு நாமும் பழகிவிட்டோம். எந்த மதத்தவராயினும், அவர்களை மறுபடியும் காண்பதே இந்தப் பாடத்தின் முதற்படி.

குழுவாகப் பேசுவோம்

1. நமது குடியிருப்பில் கடந்த இரண்டு வருடத்தில் விழுந்து எலும்பு முறிந்தவர்கள் எத்தனை பேர்? எந்த இடத்தில் விழுந்தார்கள்?
2. அவர்களில் எத்தனை பேருக்கு எலும்பு நலிவு உண்டா என்று பார்க்கப்பட்டது? மற்றவர்களோடு கிளினிக்குக்கு யார் போவது?
3. நமது வீட்டில் நெத்தலியும் கீரையும் முட்டையும் யார் தட்டில் விழுகின்றன? கடைசியாகச் சாப்பிடுவது யார்?
4. அடுத்த மழைக்கு முன் சிரமதானத்தில் திருத்த வேண்டிய பாதை எது? எந்தச் சனிக்கிழமை?

நாலாவது கேள்விக்குத் திகதியைக் குறிக்காமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம்.